பிஸ்கட் டின்னில் முடி

சீப்பில் சிக்கும் முடி யார் கைக்கும் போகக் கூடாது, யார் கண்ணிலும் படக் கூடாது. எங்கள் வீட்டில் மீற முடியாத சட்டம் என்று இருந்தது இது ஒன்றுதான். பொய் சொல்லி மாட்டிக்கொண்டால் அம்மா ஒரு முறை முறைப்பாள், அவ்வளவுதான். வாசல் திண்ணையில், அதாவது இஸ்தோப்பில், ஒற்றை முடி கிடந்தால் தோலை உரித்துவிடுவாள். ஒருத்தியின் முடி ஒரு இழை கிடைத்தால் போதும், அதை வைத்துச் செய்வினை செய்து அவளைப் படுக்கையில் போடலாம், பைத்தியமாக்கலாம் என்று கேட்டுக் கேட்டு வளர்ந்தவள் நான். ஹட்டன் டவுனில் ஒரு கொம்யூனிகேஷன் கடையில் போட்டோக்கொப்பி எடுத்து, கம்ப்யூட்டரில் ஃபாரம் நிரப்பிக் கொடுப்பது என் வேலை. அப்போது இருபத்தொன்பது வயது. ஆனாலும் கடையில் தலையைக் கோதும்போது முடி கையோடு வந்தால் சுருட்டிக் கைப்பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவருவேன். சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும்.

அம்மாவிடம் அதற்கு ஒரு முறை இருந்தது. முடியை விரலில் சுற்றி உருண்டையாக்கி, அவிழாமல் இருக்க வெள்ளை நூலால் இறுக்கிக் கட்டி, மூன்று தடவை துப்பி, ஒரு பழைய பிஸ்கட் டின்னுக்குள் போடுவாள். எரித்தால் அந்த வாடை வீட்டுக்கு ஆகாது. புதைத்தால் நாய் கிளறும். தண்ணீரில் விடலாம் என்றால் எங்களுக்கு வருவது மலையிலிருந்து இறங்கும் ஒரே ஒரு பீலித் தண்ணீர், எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்தில் இருக்கும் இருபது குடும்பமும் அதில்தான் முகம் கழுவ வேண்டும். அதனால் வருஷத்துக்கு ஒரு முறை, தீபாவளிக்கு முன்னால், டின்னைத் துணியில் மூடி எடுத்துக்கொண்டு கீழே பெரிய ஆறு வரைக்கும் நடந்து போய்க் கொட்டிவிட்டு வருவாள். போகும்போதும் வரும்போதும் யாரோடும் பேச மாட்டாள்.

டின் இருந்த இடத்தைச் சொல்ல வேண்டும். லயம் வெள்ளைக்காரன் காலத்தில் கட்டியது. ஒரே நீளக் கூரை, அதன் கீழே வரிசையாகக் காம்பராக்கள், குடும்பத்துக்கு ஒரு அறை. ஒரு காம்பராவுக்கும் அடுத்ததுக்கும் நடுவில் இருக்கும் சுவர் கூரைத் தகரம் வரைக்கும் போகாது, இரண்டு முழம் கீழேயே நின்றுவிடும். அந்தச் சந்து வழியாகப் பக்கத்து வீட்டுப் புகை வரும், சண்டை வரும், ரச வாசம் வரும். டின்னை அம்மா அந்தச் சுவரின் தலையில், எங்கள் பக்கத்து ஓரமாக வைத்திருந்தாள். பெட்டியில் ஏறி நின்றால்தான் எட்டும்.

சுவருக்கு அந்தப் பக்கம் பெரியம்மா. சொந்தப் பெரியம்மா இல்லை, ஆனால் வேறு எப்படியும் அவளை நான் கூப்பிட்டதில்லை. அவள் வீடு லயத்தின் கடைசிக் காம்பரா. அவளும் அம்மாவும் முப்பது வருஷமாக ஒரே மலையில் பக்கத்துப் பக்கத்து நிரையில் கொழுந்து எடுக்கிறவர்கள். காலையில் பெரியம்மா தலை வாரி முடித்ததும் சீப்பைச் சுவரில் இரண்டு தடவை தட்டுவாள். டக், டக். 'நான் ரெடி, நீ வா' என்று அதற்கு அர்த்தம். அந்தச் சத்தம் கேட்டதும் அம்மா தேத்தண்ணிக் கோப்பையைக் கவிழ்த்துவிட்டுக் கூடையை எடுப்பாள். எங்கள் வீட்டில் மணிக்கூடு ஓடாவிட்டாலும் யாரும் கவலைப்பட்டதில்லை.

கொழுந்துக் கூடையின் கயிறு உச்சந்தலையில்தான் தொங்கும். வருஷக்கணக்காகத் தொங்கினால் அந்த இடம் தேயும். அம்மாவுக்கு உச்சியில் இரண்டு விரல் அகலத்துக்குப் பாதை போட்டது போலத் தேய்ந்துவிட்டது. பெரியம்மா மட்டும் கெட்டிக்காரி. நாலாக மடித்த துணியைக் கயிற்றுக்குக் கீழே வைத்து வைத்தே தலையைக் காப்பாற்றிவிட்டாள். அறுபதை நெருங்கும் வயதில், நரை கலந்து, தேங்காய் அளவு கொண்டை. திருவிழாவுக்குப் பூ வைத்துக்கொண்டு வந்தாள் என்றால் குமரிப் பெண்களே திரும்பிப் பார்ப்பார்கள். அதில் அவளுக்குத் தலைக்கனமும் உண்டு, ஏன் இருக்கக் கூடாது?

"எந் தல கயித்துக்குப் போச்சு, ஒந் தல பூவுக்கு இருக்கட்டும்" என்று சொல்லித்தான் அம்மா என்னைப் படிக்க வைத்தாள். எனக்கு இடுப்புக்குக் கீழே தொங்கும் முடி. அதைப் பின்னுவது அவளுக்குப் பூசை மாதிரி.

கொரோனா வந்தபோது எங்கள் லயத்தில் முதலில் விழுந்தவள் நான்தான். டவுனுக்குப் பஸ்ஸில் போய் வருகிறவள், வேறு யாருக்கு முதலில் வரும்? சுகாதாரப் பரிசோதகர் வந்து லயத்தின் இரண்டு முனையிலும் நாடா கட்டினார். பதினாலு நாள் யாரும் வேலைக்குப் போகக் கூடாது. மற்றப் பத்தொன்பது வீட்டுக் கோபமும் எங்கள் கதவில் வந்து மோதியது. யாரும் முகத்துக்கு நேரே சொல்லவில்லை. இஸ்தோப்பைப் பெருக்கும்போது குப்பையை எங்கள் பக்கம் தள்ளினார்கள், அது போதாதா?

பெரியம்மா மட்டும் கட்டிலில் ஏறி நின்று, சுவர்ச் சந்து வழியாக, கொத்தமல்லித் தண்ணீர் ஊற்றிய ஃபிளாஸ்கை எங்கள் பக்கம் நீட்டுவாள். கை மட்டும்தான் தெரியும். வளையல் போட்ட கறுத்த கை, விரல் நுனிகளில் கொழுந்துக் கறை. "பிடி தங்கச்சி, சூடா குடுக்கச் சொல்லு புள்ளைக்கு." எட்டு நாள் காய்ச்சல். மூச்சு வாங்கிக்கொண்டு படுத்திருந்த எனக்கு அந்தக் கையைப் பார்ப்பதுதான் நாளில் நடக்கும் ஒரே நல்ல காரியம். நான் எழுந்து உட்கார்ந்ததும் சந்தின் அந்தப் பக்கமிருந்து சொன்னாள்: "தலைக்கு வந்தது தலப்பாவோட போச்சுன்னு நெனச்சுக்க."

அந்தச் சொல்லைப் பிறகு நான் எத்தனையோ தடவை நினைத்திருக்கிறேன்.

நாடாவை அவிழ்த்து ஒரு மாதம் கழித்துப் பெரியம்மாவுக்கும் காய்ச்சல் வந்தது. என்னை விட மோசம். பத்து நாள் சோறு தண்ணீர் இல்லாமல் கிடந்தாள். இந்தத் தடவை பெட்டியில் ஏறி ஃபிளாஸ்க் நீட்டியது அம்மா. பெரியம்மா தேறிய பிறகு, பூண்டுலோயாவில் கட்டிக்கொடுத்த அவள் மகள் பிள்ளைப்பேற்றுக்கு வந்தாள். ஆண் குழந்தை. எல்லாம் நல்லபடியாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

நான் குணமாகி மூன்று மாதம் ஆகும் சமயம், ஒரு ஞாயிற்றுக்கிழமை, வெந்நீர் வைத்துத் தலை முழுகினேன். சவர்க்காரம் தேய்த்த கையை எடுத்தேன். கை நிறைய முடி. வலிக்கவில்லை, இழுபடக்கூட இல்லை. தலை தானாகக் கொடுத்தது. இன்னொரு தடவை கோதினேன், இன்னொரு கை. வெள்ளை வாளிக்குள் அது சுற்றிச் சுற்றி மிதந்தது. வாயில் உப்புக் கரித்தது, பயத்தில் உதட்டைக் கடித்திருக்கிறேன்.

அடுத்த நாள் தலையணையில். அடுத்த நாள் சோற்றில். வகிடு அகலமானது. பிறகு நெற்றிக்கு மேலே தோல் தெரிந்தது, பிறகு உச்சி. பின்னால் எலி வால் மாதிரி ஒன்று மிச்சமிருந்தது. நல்ல வேளையாக எங்கள் ஊர்க் குளிருக்குக் கம்பளிக் குல்லா போடாதவர்கள் குறைவு. காதை மூடிப் போட்டுக்கொண்டு கடைக்குப் போனேன். உள்ளுக்குள் என்ன நினைத்தேன் என்றால், காய்ச்சல் போகவில்லை, இப்போதுதான் என்னை ஒவ்வொரு இழையாக எடுத்துக்கொண்டு போகிறது என்று நினைத்தேன். படித்தவள்தான். இருந்தாலும் அப்படித்தான் நினைத்தேன்.

அம்மா அழவில்லை. வீட்டைப் பெருக்கினாள். தலையணையில், போர்வையில், என் முதுகுச் சட்டையில், விளக்குமாற்றுக் குச்சிகளுக்கு நடுவில் இருந்த ஒவ்வொன்றையும் பொறுக்கினாள். உருட்டினாள், கட்டினாள், துப்பினாள். வருஷத்தில் நிறைய வேண்டிய டின் பத்தே நாளில் மூட முடியாமல் போனது. மூடியை எடுத்துவிட்டு, உருண்டைகளைக் குவித்து, மேலே ஒரு துணியைப் போட்டு வைத்தாள்.

"யாரோ வச்சிட்டாங்க" என்றாள். "லயத்த அடைச்ச ஆத்திரத்துல யாரோ ஒனக்கு வச்சிட்டாங்க."

பத்தொன்பது வீட்டில் பதினெட்டைச் சந்தேகப்பட்டாள். பெரியம்மா வீட்டை மட்டும் அவள் வாய் சொல்லவேயில்லை. ஆனாலும் என் தலை விஷயத்தைப் பெரியம்மாவுக்கும் சொல்லக் கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கினாள். "அவ நல்லவதான். சொவரு அப்பிடியில்லியே."

ஹட்டனில் ஒரு டிஸ்பென்சரிக்குப் போனேன். டாக்டர் சிங்களவர், வயதானவர். குல்லாவைக் கழற்றச் சொல்லி, லைட் அடித்துப் பார்த்து, ஒரு முடியைப் பிடுங்கி அதன் வேரையும் பார்த்தார். "பய வெண்ட எப்பா" என்றார், பயப்படாதே என்று. அப்புறம் எனக்காகத் தமிழுக்கு வந்தார். "பெரிய காய்ச்சல் வந்தா ரெண்டு மூணு மாசத்துல இப்பிடி கொட்டும். எல்லாருக்கும் இல்ல, நெறைய பேருக்கு. வேர் சாகல. நல்லா சாப்பிடு. அஞ்சு ஆறு மாசத்துல திரும்ப வரும்." கிரீம் கூட எழுதித் தரவில்லை.

பஸ்ஸில் திரும்பி வரும்போது எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்ல முடியாது. ஜன்னலோரம் உட்கார்ந்து தனியாகச் சிரித்தேன். பாதி வழியில் சிரிப்பு நின்றது. பெரியம்மாவுக்குக் காய்ச்சல் வந்தது என்னை விட ஒன்றரை மாதம் பிந்தி. கை விரலை விட்டு எண்ணினேன். அவளுக்கும் கொட்டுவதாக இருந்தால் இன்னும் நாலு வாரம் கூட இல்லை.

அதற்குள் வேறொன்று நடந்தது.

பெரியம்மாவின் பேரக் குழந்தை இரண்டு நாளாகப் பால் குடிக்காமல் வீறிட்டு அழுதுகொண்டிருந்தது. சுவருக்கு இந்தப் பக்கம் இருந்து நாங்களும் கேட்டுக்கொண்டுதான் இருந்தோம். மூன்றாம் நாள் காலை, கூரைக் கட்டையில் சேலை கட்டிய தொட்டிலில் பிள்ளையைப் போட்டு, மகள் ஆட்டியிருக்கிறாள். கட்டை அசைந்திருக்கிறது. மேலேயிருந்து ஒரு கறுப்பு உருண்டை தொட்டிலுக்குள், பிள்ளையின் நெஞ்சில் விழுந்தது. நீள முடி, வெள்ளை நூலால் இறுக்கிக் கட்டியது. பெரியம்மா ஏணி வைத்து ஏறிப் பார்த்தாள். அவர்கள் பக்கத்துக் கூரைக் கட்டையில், தொட்டிலுக்கு நேர் மேலே, வரிசையாக இன்னும் ஏழு உருண்டை.

எலி. வேறு யார்? மூடியில்லாத டின்னிலிருந்து ஒவ்வொன்றாக இழுத்துப் போய்க் கூடு கட்ட அடுக்கியிருக்கிறது. இப்போது சொல்வது சுலபம். தன் பேரப்பிள்ளையின் தலைக்கு மேலே நூல் சுற்றிய முடி உருண்டைகளைப் பார்க்கும் ஒருத்திக்கு எலியா ஞாபகம் வரும்? மகள் முடியில் யாரும் செய்வினை செய்துவிடக் கூடாது என்று அம்மா அவ்வளவு கவனமாகச் செய்ததெல்லாம் அச்சு அசல் செய்வினையாகவே போய் நின்றது. நூலும் எச்சிலும்கூடக் குறையில்லை.

பெரியம்மா சத்தம் போட்டிருந்தால் தேவலை. அவள் எங்கள் பக்கம் பார்க்கவே இல்லை. மறுநாள் காலை சுவரில் தட்டும் சத்தம் வரவில்லை. அம்மா கூடையைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றாள், நின்றுகொண்டே இருந்தாள், காலையில் பேர் கூப்பிடும் பெரட்டுக்குப் பிந்திப் போனாள். மலையில் பெரியம்மா கங்காணியிடம் கேட்டு வேறு நிரைக்கு மாறிவிட்டிருந்தாள். முப்பது வருஷம். அம்மாவுக்கு இரண்டு பக்கமும் நிரை காலியாக இருந்தது, எல்லாரும் ஒரு நிரை தள்ளிப் பிடித்தார்கள்.

தோட்டத்தின் மேல் டிவிசனிலிருந்து குறி சொல்லும் கோடாங்கி ஒருவர் வந்தார். உடுக்கை அடித்து, கண்ணை உருட்டி, "பக்கத்துச் சொவருலருந்து வந்திருக்கு" என்றார். பெரியம்மா வீடு கடைசிக் காம்பரா. அதற்குப் பக்கத்துச் சுவர் ஒன்றுதான், அதற்கு இந்தப் பக்கம் இருப்பது நாங்கள் இரண்டு பேர்தான். இதைக் கண்டுபிடிக்க உடுக்கை வேறு. எனக்குப் பொத்துக்கொண்டு வந்தது. ஆனால் அம்மா மூலையில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சந்து வழியாக அவர்கள் எரித்த முடியின் வாடை எங்கள் வீட்டுக்குள் இறங்கியது. அவள் எந்த வாடைக்குப் பயந்து வாழ்நாள் முழுக்க எரிக்காமல் இருந்தாளோ அதே வாடை. சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு, "எம் பேரு போச்சு புள்ள" என்றாள். "சூனியக்காரின்னு பேரு வந்த பொறகு ஒரு லயத்துல எப்பிடி இருக்கிறது?"

அதற்கு மறுநாள் எங்கள் வாசலில் குங்குமம் தடவி அறுத்த எலுமிச்சம்பழம் கிடந்தது.

ஞாயிற்றுக்கிழமை பீலியில் எல்லாரும் இருக்கும் நேரம் பார்த்துப் போனேன். நான் வருவதைப் பார்த்ததும் பெண்கள் வாளியை எடுத்துக்கொண்டு விலகினார்கள். பெரியம்மா துணி அலசிக்கொண்டிருந்தாள். நான் குல்லாவைக் கழற்றினேன்.

தண்ணீர் மட்டும் கொட்டிக்கொண்டிருந்தது. குளிர்காற்று நேராக மண்டைத் தோலில் பட்டது. என் முடியைப் பார்த்துப் பொறாமைப்பட்ட அத்தனை கண்ணும் இப்போது அதில்தான் இருந்தது. எனக்கு வெட்கத்தில் செத்துவிடலாம் போலிருந்தது, ஆனால் குரல் மட்டும் சண்டைக்காரி மாதிரி வந்தது. "பெரியம்மா, அது எம் முடி. காய்ச்சலுக்குப் பொறகு கொட்டுது. அம்மா பொறுக்கிப் பொறுக்கி டின்னுல வச்சாங்க. எலி இழுத்துட்டு வந்திருக்கு. வந்து டின்ன நீங்களே பாருங்க."

பெரியம்மா என் தலையை ரொம்ப நேரம் பார்த்தாள். கண் கலங்கியது, நான் பார்த்தேன். ஆனால் வாய் வேறு கேட்டது. "ஏன் எங்கிட்ட சொல்லல? காய்ச்சத் தண்ணி குடுக்க நான் வேணும், இது தெரிய வேணாமா?"

நான் குல்லாவைத் திரும்பப் போட்டுக்கொண்டு வீட்டுக்கு நடந்தேன்.

குழந்தைக்குக் காதில் சீழ் வைத்திருந்தது. கிளினிக்கில் சொட்டு மருந்து கொடுத்ததும் இரண்டு நாளில் பால் குடித்தது. லயம் பாதி நம்பியது. அதாவது எலுமிச்சம்பழம் வரவில்லை, ஆனால் பக்கத்து நிரைக்கும் யாரும் வரவில்லை. சுவரில் தட்டும் சத்தமும் வரவில்லை. அம்மா டின்னைக் கீழே இறக்கி, மூடியை அழுத்தி, துணியால் சுற்றிக் கட்டிலுக்குக் கீழே தள்ளிவிட்டாள்.

எனக்கோ நாள் எண்ணும் வேலை. பெரியம்மாவின் காய்ச்சலுக்கு இரண்டரை மாதம் ஆகிவிட்டது. கொட்ட ஆரம்பித்தால் என்ன ஆகும்? அந்தக் கொண்டை, கயிறு கூடத் தின்னாத கொண்டை, எங்கள் சண்டைக்குப் பிறகு கை கையாகக் கொட்டினால் லயத்தில் ஒருத்தராவது டாக்டர் சொன்னதை நம்புவார்களா? முன்கூட்டியே சொல்லிவிடலாம். ஆனால் எப்படிச் சொல்வது? 'உன் முடி கொட்டப் போகிறது' என்று ஒருத்தியிடம் போய்ச் சொன்னால் எங்கள் ஊரில் அதற்குப் பெயர் சாபம். சொன்னபடியே நடந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். சொல்லாமல் இருந்தால் செய்வினை, சொன்னால் சாபம்.

அம்மா கையெடுத்துக் கும்பிட்டாள். "வாயத் தொறக்காத. கொட்டாமலே போனாலும் போகும். டாக்குத்தரு எல்லாருக்கும் இல்லன்னுதானே சொன்னாரு."

ஒரு வாரம் வாயைத் திறக்கவில்லை. ஆனால் பீலியில் பெரியம்மா கேட்ட கேள்வி என்னைத் தூங்க விடவில்லை. ஏன் எங்கிட்ட சொல்லல? ஒரு தடவை சொல்லாமல் இருந்துதான் இவ்வளவும் வந்தது.

கடை லீவு நாள் ஒன்றில், அம்மா மலைக்குப் போயிருந்தாள். சுவருக்கு அந்தப் பக்கம் பெரியம்மா சம்பலுக்குத் தேங்காய் இடித்துக்கொண்டிருந்தாள், இடுப்பு வலி என்று வேலைக்குப் போகவில்லை. நான் பெட்டியில் ஏறாமல், முகம் காட்டாமல், சுவரைப் பார்த்தே சொன்னேன்.

"பெரியம்மா, ஒங்களுக்கும் பெரிய காய்ச்சல் வந்துச்சு. ஒங்களுக்கும் என்னைய மாதிரி கொட்டலாம். கொட்டாமலும் இருக்கலாம். கொட்டுனா பயப்படாதீங்க, திரும்ப வந்துரும்."

இடிக்கும் சத்தம் நின்றது. நான் சுவரில் கை வைத்துக்கொண்டு காத்திருந்தேன்.

"சாபத்த வாய்விட்டுக் குடுத்துட்ட" என்றாள் கடைசியில். கோபம் கூட இல்லை அந்தக் குரலில். "நல்லாரு."

மறுநாள் காலை அவள் மகள் குழந்தையைத் துணியில் சுற்றித் தூக்கிக்கொண்டு பூண்டுலோயா பஸ்ஸுக்குப் போனாள். எங்கள் வாசலைத் தாண்டும்போது பிள்ளையின் முகத்தைக் கையால் மறைத்தாள். அம்மா என்னைத் திட்டவில்லை. எனக்குச் சோறு போட்டு வைத்துவிட்டு அவள் சாப்பிடாமல் இருந்தாள். டவுனில் வாடகைக்கு ஒரு அறை பார்க்கச் சொன்னாள். பிறந்ததிலிருந்து அந்த லயத்தைத் தவிர வேறெங்கும் ஒரு வாரம் தொடர்ந்து இருந்தவள் இல்லை அவள்.

அதற்குப் பிறகு காலை நேரங்கள் கேட்பதிலேயே போயின. சுவருக்கு அந்தப் பக்கம் சீப்பு ஓடும் சத்தம் தெளிவாகக் கேட்கும், அடர்த்தியான முடியில் ஓடும் சீப்புக்கு ஒரு கரகரப்பு உண்டு. கரகரவென்று மேலிருந்து கீழே, திரும்ப மேலிருந்து கீழே. அம்மா அடுப்பின் முன்னால், நான் கதவோரம். இரண்டு பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்காரி தலை வாருவதைக் கேட்டோம். சத்தம் தடையில்லாமல் முடிந்தால் அன்றைக்கு ஒரு நாள் தப்பித்தோம்.

ஒன்பதாம் நாளோ பத்தாம் நாளோ, சீப்பு பாதியில் நின்றது.

நின்று, ரொம்ப நேரம் கழித்து, மெதுவாகத் திரும்ப ஓடியது. திரும்ப நின்றது. அம்மா அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டாள். அன்றைக்குப் பெரியம்மா குல்லா போட்டுக்கொண்டு மலைக்குப் போனாள். அவள் கொண்டைக்கு எந்தக் குல்லாவும் ஏறாது, அதனால் வாழ்க்கையில் ஒரு நாளும் அவள் குல்லா போட்டதில்லை. லயம் முழுக்க அதைப் பார்த்தது.

அடுத்த நாளும் குல்லா. அதற்கடுத்த நாளும். கேட்டவர்களுக்குத் தலைக் குளிர் என்றாளாம். நான் அறைக்கு முன்பணம் பேசி முடித்தேன். கூரையில் கல் விழும், கோடாங்கி வருவார், தோட்டத்து ஆபீசில் பெட்டிசன் போகும் என்று ஒவ்வொன்றாக எதிர்பார்த்தேன். அம்மா பானை சட்டிகளை உரச் சாக்கில் கட்டி வைத்தாள். எதுவும் நடக்கவில்லை. நடக்காமல் இருந்ததுதான் அதிகம் பயமுறுத்தியது. பெரியம்மா ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், லயமே எங்கள் வாசலுக்கு வந்திருக்கும்.

நாங்கள் கிளம்ப இரண்டு நாள் இருக்கும்போது, விடிந்தும் விடியாத பனியில், சுவரில் சத்தம் கேட்டது.

டக், டக்.

அம்மாவின் கையிலிருந்த கோப்பை சாய்ந்து தேத்தண்ணீர் மடியில் கொட்டியது. அவள் அதைத் துடைக்கவில்லை. சுவரைப் பார்த்தாள். அந்தப் பக்கம் கட்டில் கிரீச்சிட்டது, யாரோ ஏறி நிற்கும் சத்தம். சந்தில் கை தெரிந்தது. வளையல் போட்ட கறுத்த கை, விரல் நுனிகளில் கறை. கைக்குள் ஏதோ பொத்திப் பிடித்திருந்தது.

கை விரிந்தது. நரையும் கறுப்பும் கலந்த முடி. உருண்டையாகச் சுருட்டி, வெள்ளை நூலால் கட்டியிருந்தது. கட்டு ஒழுங்காக இல்லை, பழக்கமில்லாத கை கட்டியது.

திருப்பி வைக்கிறாள் என்று நினைத்தேன். அம்மாவும் அதையேதான் நினைத்திருப்பாள், ஒரு அடி பின்னால் நகர்ந்தாள்.

"பிடி தங்கச்சி" என்றது பெரியம்மாவின் குரல். கொஞ்சம் உடைந்திருந்தது. "கையில கெடந்து நெதமும் சேருது. இத எங்கிட்டுப் போடுறதுன்னு எனக்குத் தெரியல. எங்கூட்டுல எலி. இதையும் ஒன் டின்னுலயே போட்டு வையி."

அம்மா பெட்டியில் ஏறினாள். நான் பெட்டியை ஆடாமல் பிடித்துக்கொண்டேன். இரண்டு கையையும் சேர்த்து நீட்டி அதை வாங்கினாள். வாங்கி, கீழே இறங்கி, கட்டிலுக்கு அடியிலிருந்து டின்னை இழுத்தாள். இறுக்கி மூடிய மூடி அவளுக்கு வரவில்லை. நான்தான் திறந்தேன்.